குளிரில் குண்டு கீழே போகும்

மார்கழி பிறந்துவிட்டால் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் குரங்குக் குல்லாக்கள் வரிசை கட்டி உட்கார்ந்துவிடும். காதை மூடி, கழுத்தில் துண்டைச் சுற்றி, டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, "யப்பா, இன்னா குளிரு, இன்னா குளிரு" என்று ஒரே புலம்பல். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். ஏரிப் பக்கமிருந்து கொஞ்சம் பனி இறங்குகிறது, அவ்வளவுதான். இதற்கே குல்லா என்றால், நான் பார்த்த குளிருக்கு இவர்கள் எல்லாரையும் பாயில் சுருட்டித்தான் வைக்க வேண்டும்.

நான் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவன். இப்போது ஏரிக்குக் கீழே நெல் போடுகிறேன். பட்டாளத்துக்காரன் என்றால் ஊரில் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: எத்தனை பேரைச் சுட்டாய்? அந்தக் கேள்வி வந்தால் நான் எழுந்து போய்விடுவேன். போன மார்கழியில்தான் முதல்முறையாக ஒருவர் உருப்படியாகக் கேட்டார். ஹார்டுவேர் கடை பாய்.

"போன்ல ஒரு வீடியோ பாத்தேன். குளிரு ஜாஸ்தியா இருந்தா துப்பாக்கி குறி தப்பிடுமாமே? இரும்புக்கு இன்னா குளிரு, ஜொரமா?" என்றார்.

"இரும்புக்குக் குளிராது பாய். மருந்துக்குக் குளிரும்" என்றேன். அன்றைக்கு டீக்கடையில் பாதிதான் சொன்னேன். அதற்குள் அவருக்குக் கடை திறக்க நேரமாகிவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

தோட்டாவுக்குள் இருக்கிற மருந்து குளிரில் ஈர விறகு மாதிரி ஆகிவிடும். எரியும், ஆனால் வெடுக்கென்று எரியாது. அதனால் குண்டு வழக்கமான வேகத்தில் கிளம்பாது. வேகம் குறைந்தால், இலக்கைப் போய்ச் சேருவதற்குள் கொஞ்சம் கூடுதலாகக் கீழே இறங்கிவிடும். நூறு மீட்டரில் அது பெரிதாகத் தெரியாது. முந்நூறு மீட்டரில் நாலு விரல் கீழே விழும். குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம், அதுவும் தன் பங்குக்குக் குண்டை இழுத்துப் பிடிக்கும். ஆனால் மலை உச்சியில் காற்றே மெலிசு. அது குண்டை மேலே விடும். ஒன்று இறக்கும், ஒன்று ஏற்றும். இதைக் காகிதத்தில் கணக்குப் போடுகிறவன் மண்டையை உடைத்துக்கொள்வான். அந்த இடத்தில், அந்தக் குளிரில் சுட்டுப் பார்த்துக் குறியைத் திருத்தி வைத்துக்கொள்கிறவன் பிழைப்பான்.

அதிலும் முதல் குண்டு தனி ரகம். பனியில் விறைத்துக் கிடந்த துப்பாக்கிக் குழாயிலிருந்து வருகிற முதல் குண்டு, இரண்டாவது குண்டு போகிற வழியில் போகாது. எங்கள் போஸ்டில் அது எப்போதும் கீழேதான் போகும். ஒவ்வொரு ரைஃபிளும் அதில் ஒவ்வொரு மாதிரி அடம் பிடிக்கும். தன் ரைஃபிளின் அடம் எவ்வளவு என்று தெரிந்தவன் முதல் குண்டுக்கு மட்டும் ஒரு பொட்டு மேலே பிடிப்பான்.

இதையெல்லாம் விட மோசம் ஆள். மூச்சு விட்டால் குறி பார்க்கிற ஓட்டையில் ஆவி படியும். கண்ணில் நீர் கோக்கும். கன்னத்தை இரும்பில் வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். விரல் மரத்துப் போனால் விசையைத் தொட்டோமா, இழுத்தோமா என்பதே தெரியாது. அங்கே வருகிற, கீழே குறி தப்பாதவர்கள் எல்லாம் முதல் குளிர்காலத்தில் கோட்டை விட்டுவிட்டுத் துப்பாக்கியைத் திட்டிக்கொண்டு இருப்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

நான் அப்படி இல்லை. அந்தக் குளிரில் என்னை விட ஒழுங்காகச் சுடுகிறவன் எங்கள் கம்பெனியிலேயே கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அந்த மலைப் போஸ்டில் எங்கள் பக்கத்து ஆள் இன்னொருவன் இருந்தான். திருமுக்கூடல்காரன். பட்டாளத்தில் நான் அவனுக்கு 'உத்திரமேரூர்', அவன் எனக்கு 'திருமுக்கூடல்'. வீட்டில் வைத்த பெயர் சம்பளத்துக்கு மட்டும்தான். "மூணு ஆறு சேர்ற ஊர்க்காரன், குளிக்க மட்டும் வாரக்கணக்கா யோசிக்கிறான் பாரு" என்று நான் கிண்டல் பண்ணுவேன். அவன் என்னை "ஏரித் தவள" என்பான். ரசத்துக்கு மிளகு கிடைத்தால் இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்வோம். சமவெளியில் அவனும் நானும் சுடுவதில் சமம். மலைக்கு நான் ஒரு வருடம் முன்னால் வந்துவிட்டேன். அவனுக்கு அதுதான் முதல் குளிர்காலம்.

எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. பெண் கூரத்துக்காரி. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது எனக்குப் போன் பண்ணுவாள். எனக்குச் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு பாறை மேல்தான். அந்தக் குளிரில் போன் பேட்டரி பொசுக்கென்று செத்துவிடும். அதனால் சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்து, மணி அடித்ததும் எடுத்துப் பேசுவேன். பார்த்துப் பேசியது இரண்டு முறைதான். பாறை மேல் நின்று பேசியே நான் அவளிடம் மொத்தமாக விழுந்துவிட்டேன். அவளைத் தவிர வேறு ஒருத்தியை நினைத்துப் பார்க்கவே முடியாது என்கிற நிலைக்கு வந்துவிட்டேன்.

கல்யாணம் முதலில் ஆவணியில் வைத்திருந்தார்கள். கடைசி நேரத்தில் எல்லாருக்கும் லீவு ரத்து. மண்டபத்துக்குச் சொல்லி, பத்திரிகை அடித்து, எல்லாம் வீண். பெண்ணின் அப்பா கோபக்காரர். தைக்கு மறுபடி நாள் குறித்தபோது என் அம்மாவிடம் நேராகவே சொல்லிவிட்டார்: "தையும் தாண்டிச்சுன்னா நாங்க வேற எடம் பாத்துக்கறோம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணப் பெத்தவன் எத்தினி வாட்டி ஊரு வாய்க்கு அவலு ஆவறது?" அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் லீவு என் கையிலா இருக்கிறது?

திருமுக்கூடல்காரனுக்கும் தையில் லீவு வேண்டும். அவனுக்கு ஆடியில் பெண் குழந்தை பிறந்திருந்தது. அவன் இன்னும் பார்க்கவில்லை. போனில் போட்டோதான். அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, "இந்த மூக்கு யார்து மச்சான்? எங்க நைனாது இல்ல?" என்று என்னைப் பாடாய்ப் படுத்துவான். தையில் குழந்தைக்குக் காது குத்து வைத்திருந்தார்கள்.

இரண்டு பேரும் போய் நின்றோம். எங்கள் மேஜர் வடக்கத்தி மனிதர், நல்லவர், ஆனால் அவர் கையில் இருந்தது ஒரே ஒரு லீவு. பாதை மூடுவதற்கு முன் கீழே போகிற வண்டியில் ஒரே ஓர் இடம். பாதை மறுபடி திறந்து, போனவன் திரும்பி வந்தால்தான் அடுத்தவன் இறங்கலாம். அதற்குள் தை முடிந்து மாசியும் பாதி போய்விடும்.

"எங்கள் ஊரில் ராஜா காலத்திலேயே பானையில் ஓலையைப் போட்டுக் குலுக்கித்தான் ஆள் எடுப்பார்கள் சாப். சீட்டுப் போட்டு எடுங்கள்" என்று இந்தியில் சொன்னேன். மேஜர் சிரித்துவிட்டார். "சிப்பாய்க்கு எதற்குச் சீட்டு? நாளைக்குக் காலையில் சுடுங்கள். முந்நூறு மீட்டர், ஆளுக்கு ஐந்து குண்டு. ஒத்திகைக் குண்டு கிடையாது. யார் அதிகம் அடிக்கிறானோ அவன் போகட்டும்" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் மேளமே கொட்டியது. ஒத்திகைக் குண்டு இல்லை என்றால் முதல் குண்டே கணக்கு. முதல் குளிர்காலத்துக்காரனுக்கு அந்த முதல் குண்டு நிச்சயம் கீழே போகும். பாறைக்கு ஓடிப்போய் அவளுக்குப் போன் போட்டேன். "லீவு வந்துட்ட மாரிதான்" என்றேன். "இன்னா, துப்பாக்கி சுட்டாத்தான் எனக்குத் தாலியா? நல்லா கீது உங்க பட்டாளம்" என்றாள். ஆனால் குரலில் சந்தோஷம் தெரிந்தது. அவனைப் பற்றியும் அவன் குழந்தையைப் பற்றியும் அவளுக்குத் தெரியும். "பாவம், அவரு?" என்றாள். "அவன் மாசில போவான்" என்றேன். போட்டி என்றால் போட்டிதான். அதில் எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை.

காலையில் வானம் பளிச்சென்று இருந்தது. காற்று இல்லை. பனி மேல் வெயில் பட்டுக் கண் கூசியது. என் ரைஃபிள் வழக்கம்போல அறைக்கு வெளியே, குளிரிலேயே கிடந்தது. குளிரில் கிடந்த ரைஃபிளைச் சூடான அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனால் இரும்பு வியர்க்கும், திரும்ப வெளியே எடுத்தால் அந்த வியர்வை உறைந்து உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் கவ்விக்கொள்ளும். எண்ணெயும் அப்படித்தான். அதிகம் போடக் கூடாது. குளிருக்கென்றே தருகிற நீர்த்த எண்ணெயில் துணியை நனைத்து, தடவின மாதிரியும் இருக்க வேண்டும், தடவாத மாதிரியும் இருக்க வேண்டும். தோட்டா நிரப்பிய மேகசினையும் வெளிப் பையில்தான் வைப்பேன். ரைஃபிள் எவ்வளவு குளிரோ தோட்டாவும் அவ்வளவு குளிர். அப்போதுதான் எல்லாக் குண்டும் ஒரே மாதிரி நடக்கும்.

சுடுகிற இடத்துக்கு இரண்டு பேரும் நடந்தோம். மேஜரும் மற்றவர்களும் இலக்கு வைப்பதைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார்கள். திருமுக்கூடல் உற்சாகமாக இருந்தான். "ராத்திரியே சுத்தமா தொடச்சி எண்ண போட்டு வெச்சிட்டேன் மச்சான். சும்மா பளபளன்னு கீது பாரு" என்று ரைஃபிளைக் காட்டினான்.

பார்த்தேன். தோட்டாவை உள்ளே தள்ளுகிற போல்ட்டின் ஓரத்தில், விசைக்கு மேலே, வெள்ளையாக என்னவோ படிந்திருந்தது. பனி என்றுதான் முதலில் நினைத்தேன். விரல் நகத்தால் சுரண்டினேன். மெழுகு மாதிரி சுருண்டு வந்தது. மூக்கருகில் கொண்டுபோனேன்.

தேங்காயெண்ணெய்!

எங்கள் பக்கத்து வீடுகளில் எண்ணெய் என்றால் அது ஒன்றுதான். தலைக்கும் அதுதான், பித்த வெடிப்புக்கும் அதுதான், கிறீச்சிடுகிற கதவுக்கும் அதுதான், தையல் மெஷினுக்கும் அதுதான். பட்டாளத்து எண்ணெய் கையில் பட்டால் தோல் வெடிக்கிறது என்று இவன் வீட்டிலிருந்து வந்த பாட்டிலை எடுத்துத் தாராளமாக ஊற்றித் துடைத்திருக்கிறான். நம் ஊரிலேயே மார்கழியில் அது பாட்டிலுக்குள் கட்டியாகிவிடும், வெயிலில் வைத்து இளக்கித்தான் தலைக்கு வைப்போம். அது இந்தப் புத்திசாலிக்கு ஞாபகம் வரவில்லை. வராததற்குக் காரணம் உண்டு. அறையில் புகாரி என்று ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு எப்போதும் எரியும். அதன் பக்கத்தில்தான் அவன் பாட்டில். அதனால் அவன் கண்ணுக்கு அது என்றைக்கும் தண்ணீர் மாதிரிதான் இருந்தது.

அந்த ரைஃபிளை வைத்துக்கொண்டு அவன் ஒரு குண்டு கூடச் சரியாகச் சுட முடியாது. தோட்டாவின் அடியில் குத்துகிற ஊசி மெதுவாகப் போய்த் தொடும், மருந்து பற்றாது. பற்றினாலும் போல்ட் திரும்பி வந்து ஒழுங்காக அடையாது. நான் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். வாயை மூடிக்கொண்டு படுத்து என் ஐந்து குண்டைச் சுட்டால் போதும். தையில் எனக்குக் கல்யாணம்.

இதையெல்லாம் நான் யோசித்தது அப்புறம்தான். அந்த நிமிஷம் எனக்கு வந்தது கோபம். ரைஃபிளை இந்தக் கோலத்தில் பார்த்தால் எனக்குத் தலைக்கு ஏறிவிடும். என் தலையெழுத்து அப்படி.

"அட பேமானி! இன்னாடா பண்ணி வெச்சிக்கிற? துப்பாக்கியா இது, இல்ல உன் பொண்டாட்டி கூந்தலா? தேங்கெண்ணய ஊத்தி வெச்சிக்கிறியே, உனுக்கு மூள கீதா? நாளைக்கி எதிர்ல எவனா வந்து நின்னான்னா இத்த வெச்சிக்கினு இன்னா பண்ணுவ, தல சீவி வுடுவியா?"

அவன் முகம் செத்துவிட்டது. "எண்ணதான மச்சான்..." என்றான்.

"எண்ணயா? இது மெழுகுவத்திடா! கழட்றா மொதல்ல!"

அவனுக்குக் கை ஓடவில்லை. நானே பிடுங்கினேன். தடித்த கையுறையோடு போல்ட்டைக் கழற்றிச் சுத்தம் பண்ண முடியாது, கையுறையை உருவி எறிந்தேன். புகாரிக்கு ஊற்ற வைத்திருந்த மண்ணெண்ணெயில் துணியை நனைத்துக்கொண்டு வரச் சொல்லி, வெறும் விரலால் ஒவ்வொரு இடுக்காகத் துடைத்தேன். உறைந்த இரும்பு, அதன் மேல் மண்ணெண்ணெய். விரலை யாரோ ஊசியால் குத்துகிற மாதிரி முதலில் வலித்தது. அப்புறம் வலிக்கவே இல்லை. வலி நிற்பதுதான் ஆபத்து என்று எனக்குத் தெரியும். ஆனால் வாய் ஓடிக்கொண்டிருந்தது.

"மேகசின் எங்க? நெஞ்சுக்குள்ளயா வெச்சினு இருந்த? எட்றா வெளிய. சூடா ஒண்ணு, ஜில்லுனு ஒண்ணு போனா ஒண்ணு மேல போவும், ஒண்ணு கீய போவும். ஆற வுடு. மொதல் குண்டு கீயதான் போவும், ஒரு பொட்டு மேல புடி. ரெண்டாவதுக்கு வழக்கம் போல. மூச்ச மூக்கால கீயாக்க வுடு, ஓட்ட மேல ஊதாத. கன்னத்துக்குத் துணி வெச்சிக்கோ, இல்லன்னா பாதி மூஞ்சி அதுல ஒட்டிக்கினு வரும்."

ஒரு குளிர்காலம் முழுக்க நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எல்லாம் திட்டோடு திட்டாக அவன் தலையில் கொட்டிவிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? போல்ட்டை மாட்டி இழுத்துப் பார்த்தேன். சரக் சரக் என்று ஓடியது. அப்போதுதான் நான் என்ன செய்து முடித்திருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது.

அவன் முதலில் படுத்தான். முதல் குண்டு. இலக்குப் பக்கமிருந்து கொடி காட்டினார்கள்: நடுவில். அவன் ஒரு பொட்டு மேலே பிடித்திருக்கிறான். இரண்டு, மூன்று, எல்லாம் உள்ளே. நாலாவது வெளியே. ஐந்தாவது உள்ளே. நாலு.

நான் படுத்தேன். இதற்குள் கையுறைக்குள் விரலை விட்டு அக்குளில் வைத்துச் சூடேற்றிப் பார்த்திருந்தேன். உயிர் வரவில்லை. முதல் குண்டு நடுவில். இரண்டாவது அதை ஒட்டி. மூன்றாவதும் அங்கேதான். அது நான் சுட்டதல்ல, என் பழக்கம் சுட்டது. நாலாவதுக்கு மூச்சை அடக்கினேன். குறி இன்னும் ஆடி நிற்கவில்லை, விசையைத் தொடவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குண்டு போய்விட்டது. விரல் எனக்குச் சொல்லாமலேயே இழுத்துவிட்டது. ஐந்தாவதுக்குப் பயந்து பயந்து இழுத்தேன். பயந்து இழுத்தால் எங்கே போகுமோ அங்கே போனது. மூன்று.

மேஜர் கிட்டே வந்து என் கையைப் பார்த்தார். "விரலுக்கு என்ன?" என்றார். "குளிர் சாப்" என்றேன். தோற்றவன் காரணம் சொன்னால் எனக்கே பிடிக்காது.

திருமுக்கூடல் பின்னாலேயே வந்தான். "மச்சான், நீ போ. கல்யாணம்டா. நான் மேஜர் கிட்ட சொல்றேன். கொயந்த எங்க போயிடப் போவுது, மாசில பாத்துக்கறேன்" என்றான்.

"பிச்ச போட்றியா? நீ அட்ச்ச, நீ போ. இன்னொரு வாட்டி இந்தப் பேச்ச எட்த்தன்னா பல்லு பேந்துடும்" என்றேன். உண்மையில் எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது. அதனால்தான் அவ்வளவு கத்தினேன்.

அவன் கிளம்புகிற அன்றைக்குத்தான் பாறை மேல் ஏறி அவளுக்குச் சொல்ல எனக்குத் தைரியம் வந்தது.

"ஜெயிச்சீங்களா?" என்றாள் எடுத்ததும்.

"தோத்துட்டேன்."

"எப்பிடி? குறியே தப்பாதுன்னு அளந்துக்கினு இருந்தீங்களே?" என்றாள். நடந்ததைச் சொன்னேன்.

"அவரு துப்பாக்கில எண்ண ஒறஞ்சா உங்களுக்கு இன்னா வந்துச்சு? சுட்டு முடிச்சிட்டு அப்பால திட்டக் கூடாதா? தவள தன் வாயால கெடும்னு சரியாத்தான் சொன்னாங்க."

"கோவம் வந்துட்ச்சு" என்றேன்.

"கோவம் வந்துட்ச்சாம். நைனா கிட்ட நான் இன்னான்னு சொல்லுவேன்? நீங்களே சொல்லுங்க, இன்னான்னு சொல்லுவேன்?" என்று அழ ஆரம்பித்தாள். நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். போன் செத்துவிட்டது.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து போன் இல்லை. நான் போட்டால் எடுக்கவில்லை. என் அம்மாவிடம் கேட்டால், "பொண்ணு வூட்ல பேச்சே இல்லப்பா. வேற எவனோ வாத்தியார் மாப்ளயாம், பேசிக்கினு கீறாங்கன்னு காதுல வுயுது" என்றாள். நான் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது ஆறி உறைந்துவிடும். அப்படியே கொண்டுபோய்க் கொட்டுவேன். பாறைக்குப் போவதையே விட்டுவிட்டேன். ஆனால் போனை நெஞ்சை விட்டு எடுக்கவில்லை.

பொங்கலுக்கு முந்தின நாட்களில் ஒரு மத்தியானம், மேலே காவலுக்குப் போகிற வழியில் பாறையைத் தாண்டும்போது சட்டைக்குள் மணி அடித்தது. அவள்தான்.

"எங்க கீறீங்க? உங்க ஃபிரண்டு வந்துக்கிறாரு."

"எங்க?"

"எங்க வூட்டுக்குத்தான். தோளு மேல பெரிய பையி, மூஞ்செல்லாம் கருகிப் போயி, கன்னத்துல தோலு உரிஞ்சி... யாரோன்னு நாய் கொலைக்குது. மணிக்கணக்கா நைனா எதிர்ல உக்காந்துனு கீறாரு."

"நீ இன்னிக்கி வேலைக்குப் போவலயா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"அத்த வுடுங்க. நைனா பேசணுமாம்" என்று போனைக் கொடுத்துவிட்டாள்.

அவள் அப்பா தொண்டையைச் செருமினார். "மாப்ள" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயால் நான் அதற்கு முன் கேட்டதில்லை. 'தம்பி' என்றுதான் சொல்வார். "ஏம் மாப்ள, நடந்தத உங்கம்மா கிட்டயாச்சும் சொல்லக் கூடாதா? இவளும் அழுதாளே தவிர ஒண்ணும் சொல்லல. லீவு கெடைக்கலன்னு மட்டும் சொன்னா நாங்க இன்னான்னு நெனைக்கிறது? வந்த மனுஷன் பொட்டுத் தண்ணி குடிக்க மாட்டேன்றாரு. 'இது என் லீவு இல்ல, உங்க மாப்ள லீவு, நீங்க கல்யாணத்த நிறுத்த மாட்டேன்னு சொன்னாத்தான் நான் வூட்டுக்குப் போவேன்'ன்றாரு. இன்னா பண்ணச் சொல்றீங்க என்ன? பங்குனில நாள் பாக்கச் சொல்லிட்டேன். அவர மொதல்ல வூட்டுக்குப் போவச் சொல்லுங்க."

வீட்டுக்குப் போகச் சொல்வதா? அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. வழியில் பனியில் நாள் கணக்காக மாட்டிக் கிடந்து, அவன் சென்ட்ரலில் இறங்கியதே அன்றைக்குக் காலையில்தான். திருமுக்கூடல்காரனுக்குக் கூரம் வழியில் இல்லை. அவன் வீட்டைத் தாண்டி, காஞ்சிபுரத்தையும் தாண்டித்தான் கூரம்.

போன் மறுபடி அவள் கைக்கு வந்தது. "அவன் கொயந்தயப் பாத்துட்டானா இல்லயா? கேளு" என்றேன்.

"இன்னும் பாக்கலயாம். நானும் அதத்தான் கேட்டேன்." அவள் குரல் இறங்கிவிட்டது. "செங்கல்பட்டுலேந்து காஞ்சிபுரம் ரயிலு ஏறினாராம். பழையசீவரம் ஸ்டேஷன்ல எறங்கி பாலத்தத் தாண்டினா அவரு வூடாம். ரயிலு அங்க நின்னப்போ கண்ண இறுக்க மூடிக்கினு கம்பியப் புட்ச்சிக்கினு உக்காந்துனு இருந்தாராம். கண்ணத் தொறந்தா எறங்கிடுவேன்னு."

போனில் அவளுக்குப் பின்னால் அவன் விடைபெறுகிற சத்தமும், அவள் அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லிக் கெஞ்சுகிற சத்தமும் கேட்டன.

"அவன் கிட்ட குடு போன" என்றேன். திட்டத்தான் கேட்டேன்.

"குடுக்க முடியாது" என்றாள். "ஓடறாரு."